முதல் ரவுண்டில் போகும் பந்தயம்

கேள்வி: என் மகளுக்கு வயது 14. கொருக்குப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஜோனல் மீட்டில் 800 மீட்டர் ஓடினாள். முதல் ரவுண்டு அவள்தான் முன்னால். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். நாலாவதாக வந்தாள், 2 நிமிடம் 41 வினாடி. முதல் ரவுண்டு முடிந்தபோது என் போனில் 69 காட்டியது. 400 மீட்டர் மட்டும் ஓடினால் 66-ல் வந்துவிடுகிறாள். பி.டி. சார் ஸ்டாமினா இல்லை என்று தினமும் கிரவுண்டை 15 ரவுண்டு ஓடச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்கிறாள். எங்கள் பக்கம் ஃபுட்பால், பாக்சிங், கேரம் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது, ஓட்டத்துக்குச் சொல்லித்தர யாருமில்லை. அடுத்த வருஷம் பத்தாவது, நிறுத்திவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஓடவிடலாமா? என்ன ஷூ, என்ன சாப்பாடு?
— ஒரு தாய், கொருக்குப்பேட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

66, 69, 2:41 என்று மூன்று எண்களைக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். 800 மீட்டர் ஓடும் பிள்ளையைப் பற்றி எந்தக் கோச்சும் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான். பெரும்பாலான பெற்றோர் கடைசி நேரத்தை மட்டும் சொல்வார்கள். நடுவில் போனைப் பார்த்தீர்களே, அதனால்தான் பதில் சொல்ல முடிகிறது.

2:41 என்றால் 161 வினாடி. அதில் முதல் ரவுண்டுக்கு 69 போனால் இரண்டாவதுக்கு 92. நடுவே 23 வினாடிப் பள்ளம். ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன்: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1:40.91-ல் ஓடி உலக சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. வித்தியாசம் இரண்டரை வினாடிகூட இல்லை. உலகத்திலேயே வேகமாக ஓடியவரும் முதல் சுற்றில் வேகத்தை அடக்கித்தான் ஓடியிருக்கிறார். உங்கள் மகளின் 400 மீட்டர் முழு வேகமே 66. பந்தயத்தில் முதல் சுற்றை 69-ல் ஓடினாள் என்றால், கிட்டத்தட்ட ஒரு 400 மீட்டர் பந்தயத்தை ஓடி முடித்துவிட்டு, மூச்சுகூட வாங்காமல் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியிருக்கிறாள். இதற்கு ஸ்டாமினா இல்லை என்று பெயர் வைத்தது தப்பு. அவளுக்கு வேகக் கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்துவிடலாம்.

உடம்புக்குள் நடப்பது இது. வீட்டில் குடத்தில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறீர்கள், குழாயிலும் தண்ணீர் வருகிறது. ஆனால் குழாயைத் திறந்ததும் நூலாகத்தான் வரும், முழு வேகத்துக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். குழாய் என்பது மூச்சு வழியாக வரும் ஆக்சிஜன் சக்தி. குடம் என்பது ஆக்சிஜன் இல்லாமலே தசை எரிக்கிற சக்தி. 800 மீட்டரில் பாதிக்கு மேல் குழாய்த் தண்ணீரில்தான் ஓடுகிறோம். முதல் 200 மீட்டரை 33 வினாடியில் பறந்தால், குழாய் முழுசாகத் திறக்கும் முன்பே குடம் காலி. குடத்தைக் காலி செய்ததற்கு அபராதமும் உண்டு. தசைக்குள் அமிலத்தன்மை ஏறி, 500 மீட்டர் தாண்டும்போது தொடை கல்லாகிவிடும். தோள் காதுவரை ஏறும், கை குறுக்கே வீசும், அடி குட்டையாகும். அந்த நேரத்தில் ஓரமாக நின்று “விடாதே, விடாதே” என்று கத்துவதால் ஒன்றும் நடக்காது.

ஆனால் ஓட்டக் கணக்கை ஆரம்பிக்கும் முன் கால் வலி. இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அவளை உட்காரவைத்து, முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தை ஒற்றை விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பிக்கும்போது கடுத்து, உடம்பு சூடானதும் குறைந்தால், அது எலும்பைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் வீக்கம். சுமையைக் குறைத்தால் அடங்கும். ஐந்து ரூபாய்க் காசு அளவு ஒரே இடத்தில் அழுத்தினால் துள்ளுகிறாள், ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை, ராத்திரி படுக்கும்போதும் வலிக்கிறது என்றால், அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அப்படியென்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி எலும்பு ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். “ஓடினால் அதிகமாகிறது, ராத்திரியும் வலிக்கிறது” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பரவலான வலிதான் என்றால் இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். சைக்கிள் மிதிக்கலாம், வேகமாக நடக்கலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. தினமும் வாசல் படியில் முன்பாதம் மட்டும் படியில் இருக்க, குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றச் சொல்லுங்கள், ஒவ்வொரு காலுக்கும் 15 தடவை, மூன்று சுற்று. கெண்டைக்கால் பலமானால் முன்னெலும்புக்குப் போகும் அதிர்ச்சி குறையும்.

இந்த வலி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த 15 ரவுண்டில் இருந்துதான். சாரைக் குறை சொல்லவில்லை. ஒரே ஆள் கபடி, கோகோ, த்ரோபால், தடகளம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது, ஓடு என்று சொல்லிவிட்டுப் போகத்தான் அவரால் முடியும். ஆனால் இறுகிப்போன தரை, தட்டையான கேன்வாஸ் ஷூ, தினமும் ஒரே திசை, ஒரே அளவு, அதுவும் திடீரென்று ஆரம்பித்தது. வளரும் எலும்புக்கு இது தாங்காது. வாரத்துக்கு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. மெதுவாக ஓடும் நாட்களில் பாதி நேரம் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சாரிடம் சண்டைக்குப் போகாமல், “சார், கால் வலிக்குது, வாரத்துக்கு நாலு நாள் இந்த மாதிரி ஓடட்டுமா” என்று கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நேரம் எடுக்க ஆள் கிடைத்தால் எந்த பி.டி. சாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

முதல் வேலை, 200 மீட்டர் சரியாக அளந்த ஒரு சுற்று. “கிரவுண்டை 15 ரவுண்டு” என்பதில் ஒரு ரவுண்டு எத்தனை மீட்டர் என்று யாருக்கும் தெரியாது. 150-ஆகவும் இருக்கலாம், 230-ஆகவும் இருக்கலாம். தூரம் தெரியாமல் நேரம் எடுத்துப் பயனில்லை.

80 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம் இருக்கிற மண் தரை போதும். கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் இரவல் வாங்குங்கள். மைதானத்தின் நடுவில் நீளவாக்கில், 40 மீட்டர் இடைவெளியில் இரண்டு கடப்பாரை அல்லது முளைக்குச்சி அடியுங்கள். ஒவ்வொரு முளையையும் மையமாக வைத்து, 18.9 மீட்டர் ஆரத்தில் வெளிப்பக்கமாக ஒரு அரை வட்டம். இரண்டு அரை வட்டத்தின் முனைகளையும் நேர்க்கோட்டால் சேர்த்தால் சுற்று தயார். சுண்ணாம்புத் தூள் இல்லையென்றால் கோலமாவே போதும், மழை வரும்வரை நிற்கும்.

ஏன் 18.9 என்று கேட்டால், யாரும் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. வெறும் கோடு போட்ட ட்ராக்கை, கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே அளப்பதுதான் விதி. அப்படி அளந்தால் ஆரம் 19.1. ஒரு வளைவு 60 மீட்டர், இரண்டு வளைவு 120, இரண்டு நேர்ப்பகுதி 80, மொத்தம் 200. கோட்டின் மேலேயே மிதித்து ஓடினால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் திருடுகிறாள் என்று அர்த்தம். வட்டம் போடும்போது பலர் செய்யும் தப்பு, நைலான் கயிற்றைப் பிடித்துச் சுற்றுவது. இழுக்கிற இழுப்புக்கு அது நீளும், ஒரு பக்க வளைவு பெரிதாகிவிடும். டேப்பையே முளையில் மாட்டி, தொய்வில்லாமல் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். ஒருவர் முளையைப் பிடிக்க, ஒருவர் டேப்பைப் பிடிக்க, ஒருவர் மாவு தூவ, மூன்று பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை.

இப்போது நான்கு செங்கல். ஒன்று, நேர்ப்பகுதி ஆரம்பிக்கும் இடத்தில். அதுதான் ஸ்டார்ட். அங்கிருந்து ஓடும் திசையில் முதல் வளைவுக்குள் 10 மீட்டர் போனதும் இரண்டாவது. எதிர்ப்பக்க நேர்ப்பகுதி தொடங்கும் இடத்தில் மூன்றாவது. அடுத்த வளைவுக்குள் 10 மீட்டரில் நான்காவது. 50 மீட்டருக்கு ஒரு செங்கல் ஆகிவிட்டது.

வேகக் கணக்கை இந்தச் செங்கல்களே சொல்லிக்கொடுக்கும். அவளுக்கு இப்போதைக்குப் பயிற்சி வேகம் 200 மீட்டருக்கு 38 வினாடி, அதாவது 50 மீட்டருக்கு ஒன்பதரை. நீங்கள் ஸ்டார்ட் கோட்டில் ஒரு விசிலோடு நின்று, போனில் ஸ்டாப்வாட்சைப் பார்த்து 9.5, 19, 28.5, 38 என்று நான்கு முறை ஊதுங்கள். ஊதும்போது அவள் செங்கலுக்கு நேராக இருக்க வேண்டும். முதல் நாள் முதல் விசிலுக்கே ஏழெட்டு மீட்டர் தாண்டியிருப்பாள். திட்டாதீர்கள். “விசிலுக்கு முன்னாடி செங்கல்லைத் தொட்டா தோத்துட்டே” என்று விளையாட்டாக்கிவிடுங்கள். மூன்றாவது வாரம் விசிலை நிறுத்துங்கள். அவள் ஓடி முடித்ததும், நேரத்தைச் சொல்லும் முன் அவளையே சொல்லச் சொல்லுங்கள். “முப்பத்தெட்டு” என்று சொல்லி 38.2 வந்தால் கால் கற்றுக்கொண்டுவிட்டது.

வாரத்துக்கு நாலு நாள். செவ்வாய்: 200 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 38-ல், நடுவில் இரண்டு நிமிடம் நடை. மூன்று வாரம் கழித்து எட்டு முறை. ஏதாவது ஒன்று முப்பத்தொன்பதரைக்கு மேல் போனால் அன்றைக்கு அதோடு முடித்துவிடுங்கள். சோர்ந்த காலில் ஓடினால் சோர்வாக ஓடத்தான் பழகும். வியாழன்: 25 நிமிடம் மெதுவோட்டம், பிறகு 80 மீட்டர் ஐந்து முறை, முழு வேகத்தில் முக்கால் பங்கு, நிமிர்ந்து அழகாக. சனி: 500 மீட்டரை 95 வினாடியில், ஏழு நிமிடம் ஓய்வு, பிறகு 300 மீட்டரை 57-ல். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இதற்குப் பதிலாக, ஆறு ஆறு நிமிடமாக மூன்று ஓட்டம், பேச்சு துண்டு துண்டாக வரும் அளவு வேகத்தில், நடுவில் இரண்டு நிமிட நடை. ஞாயிறு: 35 முதல் 40 நிமிடம் மெதுவாக. மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடும் தோழியிடம் வீட்டுக் கதையை முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் அது மெதுவோட்டம் இல்லை. குழாயை அகலமாக்குவது இந்த மெதுவோட்டம்தான். பிள்ளைகள் ஏமாற்றுவதும் இதில்தான், மெதுவாக ஓடக் கூச்சம்.

நேரம் காலை ஆறரைக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் கடல் காற்று வந்த பிறகு. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடவிடாதீர்கள். கன்டெய்னர் லாரி ஒரு பக்கம், அதன் புகை ஒரு பக்கம். கடற்கரை மணலில் ஓடினால் கால் பலமாகும் என்று யாராவது சொல்வார்கள். ஈரமணல் ஒரு பக்கம் சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும். முன்னெலும்பு வலி உள்ளவளுக்கு அது ஆகாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செயற்கை இழை ட்ராக்கில் கால் வைக்கட்டும். கொருக்குப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் தாண்டினால் சென்ட்ரல், அங்கிருந்து நேரு ஸ்டேடியம் நடை தூரம்தான். (ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்தைவிடப் பயண நேரம் குறைவு என்பது உங்களுக்கே தெரியும்.) பயிற்சிக்கு எந்த நேரம் திறந்துவிடுவார்கள், கட்டணம் எவ்வளவு என்று முதலில் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். அங்கே போனால் கவனிக்க வேண்டியது வளைவு. ஒரு வளைவில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் 3.14 மீட்டர் கூடுதல். 800 மீட்டரில் நான்கு வளைவு, ஆக பன்னிரண்டரை மீட்டர். உங்கள் மகளின் வேகத்துக்கு அது கிட்டத்தட்ட இரண்டரை வினாடி. யாரையாவது தாண்ட வேண்டும் என்றால் நேர்ப்பகுதியில் தாண்டட்டும். வளைவில் முன்னால் ஓடுகிறவளின் பின்னால் ஒட்டிக்கொண்டு, உள்கோட்டோரம் ஓடட்டும்.

இனி பந்தயம். அடுத்த மீட்டுக்கு அவளுக்கான கணக்கு: முதல் 200 மீட்டர் 37, இரண்டாவது 38, மூன்றாவதும் நான்காவதும் தலா 39.5. கூட்டினால் 2:34. உடம்பில் புதிதாக ஒன்றும் ஏறாமலே, இருக்கிற காலை வைத்தே ஏழு வினாடி குறைகிறது. ஆனால் இதை ஓட மனசுக்குத் தைரியம் வேண்டும். முதல் ரவுண்டு முடியும்போது 75 காட்டும், அவள் ஐந்தாவதோ ஆறாவதோ இருப்பாள், கூட்டாளிகள் “என்னடி ஆச்சு” என்பார்கள். அப்போது பயந்து எகிறக் கூடாது. ஓட்டம் 450 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது, முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் வருவார்கள். போன தடவை அவளைத் தாண்டிப் போன மூவரும் செய்தது இதுதான்.

ஸ்டார்ட்டில் ஒரு சின்ன விஷயம். 100 மீட்டர் பிள்ளைகளைப் பார்த்துக் குனிந்து கை ஊன்றப் பழகியிருந்தால் மாற்றுங்கள். 800 மீட்டருக்கு நின்றபடிதான் தொடக்கம், கை தரையில் படக்கூடாது. “ஆன் யுவர் மார்க்ஸ்” சொன்னதும் அடுத்தது துப்பாக்கிதான், நடுவில் “செட்” கிடையாது. சரியான ட்ராக்கில் முதல் வளைவு முடியும்வரை அவரவர் லேனில் ஓடி, அதற்கான கோட்டைத் தாண்டிய பிறகுதான் உள்ளே வரலாம். முன்னாலேயே வெட்டினால் தகுதி நீக்கம். மண் மைதான மீட்டுகளில் எல்லோரையும் வளைகோட்டில் ஒன்றாக நிறுத்திவிடுவார்கள், முழங்கை இடிபடும். இடிபடப் பயந்துதான் நிறையப் பிள்ளைகள் முதல் 100 மீட்டரைப் பறக்கிறார்கள், உங்கள் மகளும் அப்படியா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைச் சேர்த்து, கூட்டத்தில் ஓட இரண்டு மூன்று முறை பழக்கினால் அந்தப் பயம் போய்விடும்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் மெத்தை உள்ள சாதாரண ரன்னிங் ஷூ, அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் அப்புறம். சாயங்காலம் வாங்கப் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். நின்றபடி விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வளர்கிறாள் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் உள்ளே பாதம் வழுக்கி நகம் கறுக்கும். கால் வலி முழுக்கப் போன பிறகு ஸ்பைக்ஸ் வாங்கலாம். செயற்கை ட்ராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பயிற்சிக்கு 6 போதும். வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் போடவேண்டாம். வெறுங்காலில் ஓடுவதை விதி தடுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்து மைதானங்களில் உடைந்த பாட்டில் கிடக்கும். பத்து வயதில் போட வேண்டிய டி.டி. ஊசி போட்டாகிவிட்டதா, 16-ல் ஒன்று வரும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ரத்தம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. குழாயில் தண்ணீரைச் சுமந்து வருவதே அதுதான், அது குறைவாக இருந்தால் மேலே சொன்ன எந்தப் பயிற்சியும் பாதிதான் பலிக்கும். வயசுக்கு வந்த, ஓடுகிற பிள்ளைக்கு இரும்புச்சத்து இரண்டு வழியில் போகிறது. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, ஒழுங்காக வருகிறதா என்று நீங்களே கேளுங்கள். வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றுபோனால் “ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்” என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாடு பத்தவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம், எலும்பு விரிசலுக்கும் அதுவே வழி. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற பிள்ளைகள் உண்டு. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

சமையலில் பெரிய செலவு வேண்டாம். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, கிடைத்தால் சுவரொட்டி, நெத்திலி, கேழ்வரகு. கூடவே எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய். இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட அது வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். காலை ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், முடித்து அரை மணி நேரத்துக்குள் இட்லியோடு முட்டை, இல்லையென்றால் சுண்டல். வெயில் நாளில் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டருக்கு மேலேயே உப்புப் போட்ட நீர்மோர் போக வேண்டும். ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர், மாத்திரை எதுவும் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் தெரியாமல் சாப்பிட்டேன் என்பது எடுபடாது.

மீட் நாளில்தான் சாப்பாடு சொதப்பும். காலை எட்டுக்கு வரச்சொல்லி, 800 மீட்டரை மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவார்கள். அதற்குள் பிள்ளை வெயிலில் மூன்று மணி நேரம் கூச்சல் போட்டுவிட்டு, ஒரு மணிக்கு லெமன் சாதத்தை மூக்குமுட்டச் சாப்பிட்டிருப்பாள், அல்லது ஒன்றுமே சாப்பிட்டிருக்க மாட்டாள். கனமான சாப்பாடு ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிய வேண்டும். அதற்கப்புறம் இரண்டு இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று கொஞ்சம் கொஞ்சமாக. நிழலில் உட்காரட்டும். கூப்பிடுவதற்கு 30 நிமிடம் முன் பத்து நிமிடம் மெதுவோட்டம், நான்கு 60 மீட்டர். ஹீட்ஸும் (தகுதிச் சுற்று) ஃபைனலும் ஒரே நாளில் இருக்கும் என்றால், ஹீட்ஸில் தகுதி பெறும் அளவுக்கு ஓடினால் போதும்.

பத்தாவது வகுப்பு. மேலே சொன்ன நாலு நாள் பயிற்சியைக் கூட்டிப் பாருங்கள், போகவர நேரம் சேர்த்தாலும் வாரத்துக்கு ஐந்து மணி நேரம். இதை நிறுத்தினால் அந்த ஐந்து மணி நேரமும் படிப்புக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் வீட்டில் போன் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். ஜனவரிக்கு மேல் சனிக்கிழமையை விட்டுவிட்டு, வாரம் மூன்று மெதுவோட்டமாகக் குறையுங்கள். தேர்வு முடிந்து மறுபடி ஏற்றலாம். முழுசாக ஒரு வருடம் நிறுத்தினால், உடம்பு வளர்ந்து உயரமும் எடையும் மாறிய பிறகு, கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வயதுக் கணக்கையும் பாருங்கள். 14 வயதில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில், தன்னைவிட இரண்டு வயது மூத்த பெண்களோடு ஓடி நாலாவது வந்திருக்கிறாள். இந்தப் பிரிவில் அவளுக்கு இன்னும் இரண்டு சீசன் பாக்கி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் பத்தாம் வகுப்புக்குப் புதிதாகச் சேர்ப்பதில்லை. அந்த யோசனை இருந்தால் பதினொன்றாம் வகுப்புத் தேர்வுதான் அடுத்த வாய்ப்பு. அதற்கு நல்ல நேரம் கையில் இருக்க வேண்டும்.

சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டியது இதுவும்: தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஜோனல் நாலாவது இடத்துக்கு எதுவும் கிடைக்காது, மாநில, தேசிய அளவுக்குப் போக வேண்டும். எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதில்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. பள்ளிக்கல்வித் துறையின் குடியரசு தினப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, அங்கீகாரம் பெற்ற மாவட்ட, மாநிலத் தடகளச் சங்கப் போட்டிகள், இவற்றை விடாதீர்கள். பல ஆயிரம் கட்டினால் வெளிநாட்டில் “இன்டர்நேஷனல்” ஓடலாம், தங்கம் நிச்சயம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். சான்றிதழில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று மைதானத்திலேயே பாருங்கள். அப்போது திருத்துவது ஐந்து நிமிடம், மூன்று வருடம் கழித்து மூன்று மாதம். லேமினேட் செய்ய வேண்டாம், ஃபைலில் போட்டு வையுங்கள்.

ஓட்டத்துக்கு எங்கள் பக்கம் ஆளில்லை என்கிறீர்கள். உண்மைதான். ஃபுட்பால் என்றால் வியாசர்பாடியில் தெருவே கூடும். 400 மீட்டர் சுற்றுகிறவளைப் பார்க்க அம்மா மட்டும்தான் வருவாள். கேரமுக்கும் அப்படித்தானே இருந்தது. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பிறகுதான் அவர் வீடு எங்கே என்று கேமராக்கள் தேடி வந்தன. அதுவரை பலகையும் பவுடரும் அப்பாவும்தான். 800 மீட்டரும் இந்த ஊருக்கு அந்நியமில்லை. 1995-ல் தெற்காசியப் போட்டிகள் சென்னையில் நடந்தபோது இந்திய வீராங்கனை ஷைனி வில்சன் 800 மீட்டரை 1:59.85-ல் ஓடினார். ஆள் வேண்டும் என்றால், மகள் வகுப்பில் மெதுவாக ஓடத் தயாராக இருக்கிற ஒரு தோழி போதும். ஞாயிற்றுக்கிழமை 40 நிமிடத்துக்கு அவளே கோச்.

முதல் வாரத்தில் கால் வலியையும் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள், மைதானத்தையும் அளந்துவிடுங்கள். ஓட ஆரம்பித்துப் பத்து வாரம் கழித்து, மகளை ஒரு 800 மீட்டர் ஓடவைத்து நேரத்தை எழுதி அனுப்புங்கள். மொத்த நேரம் மட்டும் போதாது. போனில் ‘லேப்’ பட்டனைத் தட்டி நான்கு 200 மீட்டரையும் தனித்தனியாகக் குறியுங்கள். மூன்றாவது எண் 40-க்கு மேல் போயிருந்தால் எனக்கு எழுதும் முன் முதல் எண்ணைப் பாருங்கள், அது 36-க்குக் கீழே இருக்கும்.